ஒரே மோட்டார்

அடுப்பங்கரைக்கு அளவெடுக்க வந்த கியட் செங்
சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு மாதிரிப் பலகையையும்
தோளில் சுமந்து வந்திருந்தார்.
வெள்ளைக் கல். நடுவில் எவர்சில்வர் வட்டம்,
ஐம்பது காசைவிடச் சற்றே பெரியது.
"அடியில மோட்டார் அக்கா, ஒண்ணே ஒண்ணு.
மேல எது வேணுமோ அத மாட்டிக்கலாம்."

ஜாடியை மாட்டினார், சுற்றியது.
மாவு பிசையும் கையை மாட்டினார், அதுவும் சுற்றியது.
தேங்காய் துருவ ஒன்று, இறைச்சி கொத்த ஒன்று,
கத்தி தீட்டக்கூட ஒரு கல்.
வேலை முடிந்ததும் வட்டத்துக்கு மூடி.
தடவிப் பார்த்தேன்.
மேசை மட்டும்தான் இருந்தது.

பொய் சொல்வானேன், ஆசை வந்தது.
கையுறை ஆலையில் பத்தொன்பது வருடம்
இரவு ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு
ஒன்றுமே இல்லாத மேசை என்பது
கிட்டத்தட்ட ஒரு கட்டில்.

இப்போது இருப்பதில்
மிக்சி, பிளெண்டர், குக்கர், கிரைண்டர்,
அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்த டோஸ்டர்.
வயர் ஐந்து, பிளக் பாயிண்ட் இரண்டு.
எதைப் பிடுங்கினால் எது நிற்கும் என்பது
எனக்கும் எறும்புக்கும் மட்டுமே தெரியும்.

தனபாலன் கைப்பேசியில் கணக்குத் தட்டினார்:
நாலாயிரத்து இருநூறு ரிங்கிட்,
தவணை உண்டு.

"அந்த மோட்டார் கெட்டுப்போனா?" என்றேன்.
"பத்து வருஷம் கேரண்டி."
"சரி. கெட்டுப்போனா?"
கியட் செங் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே
உண்மையைச் சொன்னார்:
"அப்போ, எல்லாமே நிக்கும்தான்."

எல்லாமே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில்
அப்பாவின் வேலை, நாங்கள் இருந்த வீடு,
குழாயில் வந்த தண்ணீர்,
மாலை ஆறிலிருந்து பத்து வரை விளக்கு,
ஆயாக்கொட்டகை, டிரெசரின் மருந்தறை,
திருவிழாவுக்கு ஓடும் லோரி
எல்லாம் ஒரே வட்டத்தில் மாட்டியிருந்தன.
வயர் ஏதும் வெளியே தெரியாது.
சுத்தமாகத்தான் இருந்தது.

கம்பெனி நிலத்தை விற்றது ஒரு வியாழக்கிழமை.
வேலை அன்றே நின்றது.
விளக்கு மாதக் கடைசியில்.
தண்ணீர், நாங்கள் வாளிகளை நிரப்பி முடிப்பதற்குள்.
"வீடு யாருதுன்னு நெனச்சீங்க?" என்று கேட்ட
கிராணியின் வீடும் அதே பட்டியலில்தான் இருந்தது;
அவருக்கு அது மறுநாள்தான் தெரிந்தது.

தூக்க முடிந்ததை லோரியில் ஏற்றினோம்.
அப்பா சிமெண்டு குழைத்துக் கட்டிய
பாத்திர மேடை சுவரோடு நின்றுவிட்டது.
அம்மா அதைத் துடைத்துவிட்டு வந்துதான்
வண்டியில் ஏறினாள்.
யாருக்காகத் துடைத்தாள் என்று
இதுவரை கேட்கவில்லை.

இதையெல்லாம் கியட் செங்கிடம் சொல்லவில்லை.
"வேண்டாம். தனித்தனியாவே இருக்கட்டும்" என்றேன்.
அவர் கோபப்படவில்லை.
மைலோவைக் குடித்துவிட்டு
"அப்படின்னா பிளக் பாயிண்ட் எத்தனை?" என்றார்.
"ஆறு."
தனபாலன் என்னைப் பார்த்தார்.
"எட்டு" என்றேன்.

போன மாதம் பிளெண்டர் புகைந்து செத்தது.
அன்றைக்கும் சோறு வெந்தது,
மாவு அரைந்தது,
டோஸ்டர் வழக்கம்போல்
ஒரு பக்கத்தை மட்டும் கருக்கியது.

நேற்று பக்கத்து வீட்டுக் கமாரியா வந்தாள்.
மகளுக்கு நிச்சயதார்த்தம், ரெண்டாங்,
ஐந்து கிலோவுக்கு மசாலா அரைக்கணும், அவள் மிக்சி ரிப்பேர்.
என்னுடையதைப் பிள்ளையைப்போல
இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போனாள்.
வால்போல வயர்
வாசல் வரை தரையில் இழுபட்டது.

அது இருந்த இடத்தில்
ஒரு சாண் அகலத்துக்குச் சுத்தமான சதுரம்.
காலை ஷிப்ட் முடிந்து வந்து
அதில் தேநீரை வைத்தேன்.
கன்னத்தையும் கொஞ்ச நேரம் வைத்தேன்.
குளிர்ச்சியாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மிக்சியின் சத்தம்
நின்றதும் எழுந்துபோய்ச் சொன்னேன்:
"அவசரமில்ல கமாரியா.
ஞாயித்துக்கிழமை கொடுத்தாப் போதும்."